இருளின் மீது என்ன குற்றம்?

குழந்தைகளுக்கான படத்தைப் பற்றிப் பெரியவர்கள் படிக்கும் ஏட்டில் எழுத என்ன இருக்கிறது என்று சிலர் கேட்கலாம். கேட்பவர், தம் வீட்டில் இரவு விளக்கை அணைக்கும் நேரத்தைச் சற்றே நினைத்துப் பார்க்கட்டும். பகலெல்லாம் வீட்டைத் தலைகீழாக்கிய பிள்ளை, அந்த ஒரு கணத்தில் நம் கையைப் பற்றிக்கொள்கிறது, ‘போகாதீங்க’ என்கிறது. அப்போது நாம் என்ன சொல்கிறோம்? ‘அங்கே ஒன்றுமில்லை, பேசாமல் தூங்கு’ என்கிறோம். அல்லது, ‘தூங்காவிட்டால் பூச்சாண்டி வந்துவிடுவான்’ என்கிறோம். முதலாவது உண்மை, ஆனால் பயன் தராது. இரண்டாவது பயன் தரும், ஆனால் பொய். இவ்விரண்டும் அல்லாத மூன்றாவது சொல் ஒன்று உண்டா என்று தேடுகின்ற படத்தை, என் மகள் வயிற்றுப் பேத்தியோடு அமர்ந்து பார்த்தேன். அதைப் பற்றியதே இக்கட்டுரை.

படத்தின் பெயர் ‘ஓரியன் அண்ட் த டார்க்’. ‘ஓரியனும் இருளும்’ என்று தமிழில் சொல்லலாம். அமெரிக்காவின் டிரீம்வொர்க்ஸ் நிறுவனம் உருவாக்கிய இந்த அனிமேஷன் படம், 2024 பிப்ரவரி 2 அன்று நெட்ஃப்ளிக்ஸில் வெளியாயிற்று. ஷான் சார்மட்ஸ் இயக்கியிருக்கிறார். எம்மா யார்லெட் என்னும் ஆங்கில எழுத்தாளர் 2014-இல் எழுதிப் படமும் வரைந்த சிறுவர் நூலே இதன் மூலம். திரைக்கதை எழுதியவர் சார்லி காஃப்மன். ‘பீயிங் ஜான் மால்கோவிச்’ (1999) முதலிய படங்களால் பெயர் பெற்றவர். மனித மனத்தின் சிடுக்குகளையே தம் களமாகக் கொண்டவர். பெரியவர்களையே திணற வைக்கும் அத்தகைய எழுத்தாளர், படுக்கையறைக் கதையொன்றைக் கையில் எடுத்திருக்கிறார். இப்படத்தின் நிறையும் குறையும் அதிலிருந்தே பிறக்கின்றன.

ஓரியன் 11 வயதுச் சிறுவன். தேனீயைக் கண்டால் பயம், நாயைக் கண்டால் பயம், கடலுக்குப் பயம், வகுப்பில் வாய் திறக்கப் பயம். தன் பயங்களையெல்லாம் ஒரு குறிப்பேட்டில் எழுதியும் வரைந்தும் வைத்திருக்கிறான். அவற்றில் தலையாயது இருட்டு. ஒவ்வோர் இரவும் அவன் இடும் கூச்சலைக் கேட்டுக் கேட்டு மனம் நொந்த இருள், ஒருநாள் உருவெடுத்து அவன் அறைக்குள்ளேயே வந்துவிடுகிறது. ‘என்னைப் பற்றி இவ்வளவு தவறாக நினைக்கிறாயே, ஓர் இரவு என்னோடு வந்து பார்’ என்று அழைக்கிறது. உறக்கம், அமைதி, உறக்கமின்மை, இனங்காண முடியாத ஓசைகள், இனிய கனவு ஆகியோர் இருளின் கூட்டாளிகள். இவர்களோடு சிறுவன் உலகைச் சுற்றி வருகிறான். பின்னாலேயே ஒளி விரட்டிக்கொண்டு வருகிறது.

இதுவரையில் இது வழக்கமான சிறுவர் கதைதான். பயந்த பிள்ளை, பயமுறுத்தியதன் நட்பைப் பெறுகிறது, பயம் தெளிகிறது, சுபம். ஆனால் நடுவழியில் படம் ஒரு திரையை விலக்குகிறது. நாம் பார்த்துக்கொண்டிருந்ததெல்லாம், வளர்ந்து தந்தையாகிவிட்ட ஓரியன், இருட்டுக்கு அஞ்சும் தன் மகளுக்குச் சொல்லிவரும் கதை என்று தெரிய வருகிறது. மகள் சும்மா கேட்டுக்கொண்டிருப்பவள் அல்லள். இடைமறிக்கிறாள், ஐயம் எழுப்புகிறாள், இறுதியில் கதைக்குள்ளேயே புகுந்துவிடுகிறாள். தந்தைக்கோ தன் கதையை எப்படி முடிப்பது என்று தெரியவில்லை. மகள்தான் கைகொடுக்கிறாள். அந்த மகளும் பின்னாளில் தாயாகித் தன் மகனுக்கு அதே கதையைச் சொல்கிறாள்.

கதைக்குள் கதை வைக்கும் இந்த உத்தி நமக்குப் புதிதன்று. ‘ஆயிரத்தொரு இரவுகள்’ முழுவதும் இந்த அச்சாணியில்தான் சுழல்கிறது. ஷஹ்ரஸாத் கதை சொல்வது பொழுதுபோக்குக்காக அன்று. விடிந்தால் வாள் காத்திருக்கிறது என்பதற்காக. அவளுக்கு இரவுதான் அரண், விடியல்தான் அச்சம். இரவைக் கதையால் கடப்பது என்னும் பழைய ஞானத்தையே காஃப்மன் ஓர் அமெரிக்கச் சிறுவனின் அறைக்குள் கொண்டுவந்திருக்கிறார். பயம் அடியோடு தொலைந்துவிட்டது என்று படம் சொல்லவில்லை. பயந்தவன் வளர்ந்தபின் இன்னொரு பயந்தவளின் அருகில் அமர்ந்து பேசுகிறான் என்றுதான் சொல்கிறது. நாம் தேடிய மூன்றாவது சொல் இதுவே. ‘அங்கே ஒன்றுமில்லை’ என்பதன்று; ‘எனக்கும் பயமாகத்தான் இருந்தது; கேள், சொல்கிறேன்’ என்பது.

பெயர்களிலும் சுவை இருக்கிறது. ஓரியன் என்பது வானில் வேட்டைக்காரன் வடிவில் தெரியும் விண்மீன் கூட்டம். மார்கழி, தை மாத முன்னிரவில் கொங்கு நாட்டுக் களத்துமேட்டில் நின்று கிழக்கே பார்த்தால் கண்ணில் படும். நாம் திருவாதிரை என்று சொல்லும் செந்நிற மீன் அதன் தோளில் இருக்கிறது. அதனை மேலைநாட்டார் பீட்டல்ஜூஸ் என்றும், காலடியில் உள்ள மீனை ரைஜல் என்றும் அழைக்கின்றனர். இரண்டும் அரபுச் சொற்களின் திரிபு; ரைஜல் என்பது ‘ரிஜ்ல்’, அதாவது கால். இருளைக் கண்டு அஞ்சும் பிள்ளைக்கு, இருளில் மட்டுமே காணக் கிடைக்கும் ஒன்றன் பெயரைச் சூட்டியிருக்கிறார்கள். அவன் வகுப்புத் தோழி அவனை அழைப்பதும் கோளரங்கத்துக்கே.

நம் இல்லங்களில் இதற்கு வழிவழியாக ஒரு மருந்து உண்டு. படுக்கப் போகும் பிள்ளையின் தலையில் கை வைத்து, திருக்குர்ஆனின் கடைசி இரு அத்தியாயங்களை ஓதி ஊதுவார் நன்னி. ஃபலக் அத்தியாயம், பரவிவரும் இருளின் தீங்கிலிருந்து பாதுகாப்புத் தேடச் சொல்கிறது. பயப்படாதே என்று அது அதட்டவில்லை. பயம் வரும்போது சொல்லிக்கொள்ள ஒரு சொல்லைக் கையில் கொடுக்கிறது. அதே மறை பிறிதோரிடத்தில் இரவை ஆடை என்று உவமிக்கிறது. போர்த்திக்கொள்ளும் ஆடையை யாரேனும் பகைப்பார்களா? இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஃபலக் அத்தியாயம் இருளோடு நின்றுவிடவில்லை. முடிச்சுகளில் ஊதுவோரின் தீங்கையும் பொறாமைக்காரரின் தீங்கையும் அடுத்துச் சொல்கிறது. இருளைக் கடந்தபின் நாம் சந்திப்பது மனிதரைத்தான்.

இனிக் குறைகளுக்கு வருவோம். இருளைப் பற்றிய இந்தப் படம் இருளை நம்பவில்லை. அமைதி என்று ஒரு பாத்திரத்தைப் படைத்துவிட்டு, படத்தில் அமைதிக்கே இடம் தராமல் விட்டது பெரிய முரண். எல்லாரும் எப்போதும் பேசிக்கொண்டே இருக்கிறார்கள். நகைச்சுவைக்குப் பின் நகைச்சுவை. விளக்கத்துக்குப் பின் விளக்கம். திரை கருமையாகி, ஒரே ஓர் ஓசை மட்டும் கேட்டு, குழந்தை மூச்சை அடக்கிக் காத்திருக்கும் ஒரு நிமிடத்தைப் படம் துணிந்து தந்திருந்தால், பின்னால் வரும் அறிவுரைகளில் பாதி தேவைப்பட்டிராது. உறக்கம் என்னும் பாத்திரம் மனிதரின் முகத்தில் தலையணையை அழுத்தியும் மயக்கமருந்து கொடுத்தும் தூங்கவைப்பதாகக் காட்டுவது பெரியவர்களுக்கு வேடிக்கை. சிறு பிள்ளைகளுக்குப் புதிய பயம். கடைசிப் பகுதியில் காலப் பயணமும் நுழைந்து, யார் கதையை யார் சொல்கிறார் என்னும் நூல் சிக்கலாகிவிடுகிறது. எட்டு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள் அங்கே வழி தவறுவர். பெரியவர் ஒருவர் உடன் இருந்தே காட்டவேண்டிய படம் இது.

திரைப்படம் என்னும் கலையே இருளுக்குக் கடன்பட்டது என்பதால் இந்தக் குறை இன்னும் உறுத்துகிறது. பஸ்ராவில் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்த இப்னுல் ஹைதம், பதினோராம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ‘கிதாபுல் மனாஸிர்’ என்னும் ஒளியியல் நூலை எழுதினார். சிறு துளை வழியாக இருண்ட அறைக்குள் ஒளியை விழவைத்து ஆராய்ந்தவர் அவர். ஒளியின் இயல்பை அறிய அவருக்கு ஓர் இருட்டறை வேண்டியிருந்தது. நம் கோவையிலும் சாமிக்கண்ணு வின்சென்ட் 1905-இல் தொடங்கிய கூடாரச் சினிமாவின் தொடர்ச்சியாக, 1914-இல் வெரைட்டி ஹால் அரங்கு எழுந்தது. பின்னாளில் டிலைட் என்று பெயர் மாறிய அந்த அரங்கில் இவ்வூர் மக்கள் முதலில் கற்றுக்கொண்டது, முன்பின் அறியாதவர்களோடு இருட்டில் அச்சமின்றி அமர்ந்திருப்பதை அல்லவா? அதே படத்தை இன்று வரவேற்பறையில் விளக்கெரிய, கைபேசி ஒலிக்க, இடையிடையே நிறுத்திப் பார்க்கிறோம். அந்தக் கூட்டு இருட்டை நம் பிள்ளைகள் இழந்துவிட்டார்கள்.

படத்தில் என்னை அசைத்த பகுதி, இருள் மறைந்துபோகும் இடம். கூட்டாளிகள் ஒவ்வொருவராக ஒளியின் பக்கம் சாய்ந்துவிட, மனமுடைந்த இருள் ஒளியின் முன் கரைந்துவிடுகிறது. பிறகு உலகில் இரவே இல்லை. முதலில் அனைவருக்கும் கொண்டாட்டம். பிறகு உறக்கமற்றுத் தள்ளாடுகிறார்கள். மேலைநாட்டுப் பார்வையாளருக்கு இது கற்பனை. கோவைக்காரர்களுக்கு அப்படியன்று. 1930-களில் பைக்காராவிலிருந்து மின்சாரம் வந்தபின் இங்கே பஞ்சாலைகள் பெருகின, இரவு பகலாயிற்று. மூன்று ஷிப்டும் கதிர்கள் சுழன்றன. இரவு ஷிப்டு முடித்து வந்தவர் உறங்குவதற்காகப் பகலில் கதவடைத்து, பிள்ளைகளைத் தெருவுக்குத் துரத்திய வீடுகள் இங்கு எத்தனை! இருளைத் தொலைத்தவர்கள் எதைத் தொலைத்தார்கள் என்பதை அந்த வீடுகளைக் கேட்டால் சொல்லும்.

இனி எழுதப்போவதை எழுதலாமா என்று பலமுறை யோசித்தேன். ஆனால் கோட்டைமேட்டில் வாழ்ந்த ஒருவன், இருட்டுப் பயத்தைப் பற்றிப் பேசிவிட்டு இதைப் பேசாமல் போவது நேர்மையாகாது. 1997 நவம்பர் இறுதியில் காவலர் ஒருவர் கொலையுண்டார். அதைத் தொடர்ந்த கலவரத்தில் முஸ்லிம்கள் 18 பேர் மாண்டனர். 1998 பிப்ரவரி 14, சனிக்கிழமை, பிற்பகலில் தொடங்கிய தொடர் குண்டுவெடிப்புகளில் 58 பேர் உயிரிழந்தனர். கொன்றவர் எவராயினும், மாண்டவர் எவராயினும், ஒவ்வொரு மரணமும் ஒரு வீட்டின் விளக்கு அணைந்ததுதான். அன்றைய குண்டுகள் வெடித்தது நள்ளிரவில் அன்று. கடைவீதி கலகலத்திருந்த பட்டப்பகலில். இருளின் மீது என்ன குற்றம்?

ஆனால் பயம் எங்களுக்கு இரவில்தான் வந்தது. விளக்கை ஏற்றவும் அஞ்சிய இரவுகள் அவை. தெருவில் பூட்ஸ் ஒலி கேட்டால் பெரியவர்களின் பேச்சு பாதியில் நின்றுவிடும். அப்போது என் மகளுக்கு ஏழு வயது. ‘அத்தா, யாரு வர்றாங்க?’ என்பாள். ‘யாருமில்லை’ என்று சொல்ல என் நாவு எழவில்லை. அவளை அணைத்துக்கொண்டு, இரவெல்லாம் ஊரைச் சுற்றி வந்து உறங்கும் பிள்ளைகளை எண்ணிவிட்டுப் போகும் ஒரு கிழ ஒட்டகத்தின் கதையை, மெல்லிய குரலில் அந்தக் கணமே இட்டுக்கட்டிச் சொன்னேன். எண்ணிக்கை முடிவதற்குள் அவள் உறங்கிவிடுவாள். அதனால் அந்தக் கதைக்கு நான் முடிவே வைக்கவில்லை. நான் அஞ்சாதவனாக இருந்ததால் சொன்ன கதையன்று அது; என் அச்சத்தை அவள் கேட்டுவிடக் கூடாதே என்பதற்காகச் சொன்னது. கதையை முடிக்கத் தெரியாமல் விழிக்கும் அந்தத் தந்தையைத் திரையில் கண்டபோது, என்னையே கண்டேன்.

மேலே சொன்ன குறைகள் அத்தனையும் இருந்தும், இப்படத்தை நம் இல்லங்களில் பார்க்கலாம் என்று பரிந்துரைப்பதற்குக் காரணம் அந்தத் தந்தைதான். பிள்ளைகளுக்கு நாம் தரவேண்டியது பயமற்ற உலகம் என்றால், அது நம் கையில் இல்லை. பயத்தின்போது உடனிருக்கும் ஒரு குரல் என்றால், அதைத் தர எந்த வீட்டுக்கும் இயலும். பூச்சாண்டியை இனியாவது வீட்டுக்குள் அழைக்காதிருப்போம். பக்கத்துத் தெருவாரையும் அயல் மதத்தாரையும் பூச்சாண்டியாக்கிப் பேசுவதையும் பிள்ளைகளின் காதுபட நிறுத்துவோம். சிறு வயதில் இருட்டில் வைத்த பயம், பெரிய வயதில் மனிதர் மீது போய் அமர்ந்துகொள்ளும்.

படம் முடிந்த இரவு. பேத்தி என்னிடம் வந்து, ‘நன்னா, இருட்டு பாவம் இல்லே?’ என்றாள். ஆமாம் என்றேன். ஆனாலும் அறை விளக்கை அணைக்க அவள் சம்மதிக்கவில்லை. படம் ஒன்று பார்த்ததால் பயம் போய்விடுமா என்ன! சற்று நேரத்தில் என் மகள் போய் அவளருகில் படுத்தாள், விளக்கு அணைந்தது. சுவருக்கு இப்பால் என் காதில் விழுந்தது, பிள்ளைகளை எண்ணிக்கொண்டு போகும் ஒரு கிழ ஒட்டகத்தின் கதை. அவள் அதற்கு ஒரு முடிவும் வைத்திருந்தாள்.