மெதுவாகப் போகத் தெரிந்த வண்டி

நூறு கிலோமீட்டர் வேகத்தை எத்தனை நொடியில் தொடும் என்றுதான் எல்லாரும் வண்டியைப் பற்றிக் கேட்கிறார்கள். எவ்வளவு மெதுவாகப் போகும் என்று கேட்கிற ஆள் நான். தாண்டிக்குடிப் பக்கத்து மண் ஏற்றத்தில், பின்னால் காபி மூட்டைகளோடு, கூடவே நடக்கிற ஆளை முந்தாமல், ஒரே சீராக உறுமிக்கொண்டு ஏறுகிற பழைய மஹிந்திரா தார் சிஆர்டிஇ-யை ஒருமுறை பார்த்துவிடுங்கள். நீங்களும் என் கட்சிக்கு வந்துவிடுவீர்கள்!

நான் இருப்பது சிங்கப்பூரில். அப்பா இருப்பது கீழ்ப்பழனி மலையில், காபி, மிளகு, மலைவாழை என்று தோட்டத்தோடு. அவருடைய கிழட்டு ஜீப்பு இனி முடியாது என்று ஆனதும், “செகண்ட் ஹேண்டே போதும்மா. ஆனா ஃபோர் பை ஃபோரா இருக்கணும். நீயே பாத்துச் சொல்லு” என்றார். ஜீப்புப் பைத்தியத்திடம் கேட்கிற கேள்வியா இது? அன்று இரவு தூக்கமே இல்லை.

மாருதி ஜிம்னி கொள்ளை அழகு. ஆனால் 2023-இல்தான் வந்தது என்பதால் பழையதுக்கும் விலை இறங்கவில்லை. மூட்டை ஏற்ற இடமும் போதாது. 1985 முதல் ராணுவம், போலீஸ், ராலி என்று கலக்கிய ஜிப்ஸி என் முதல் காதல். சேற்றில் அதன் எடைக் குறைவே அதற்குப் பலம். என்ன செய்ய, பெட்ரோல் வண்டி; பாரம் இழுக்க அப்பாவுக்கு டீசல்தான் வேண்டும். பொலிரோவைப் பலர் சிபாரிசு செய்தார்கள். ஆனால் சந்தையில் கிடைக்கிற பொலிரோக்களில் பெரும்பாலானவை பின்சக்கரம் மட்டுமே இழுப்பவை; நாலு சக்கரமும் இழுக்கும் ஃபோர் பை ஃபோர் அல்ல.

ஆக, தார். 2010-இல் வந்த முதல் தலைமுறை. இரண்டரை லிட்டர் சிஆர்டிஇ டீசல், 105 குதிரைத்திறன். 2015-இல் பின் அச்சுக்கு லாக்கிங் டிஃபரன்ஷியலும் சேர்த்தார்கள்: ஒரு சக்கரம் சேற்றில் வெறுமனே சுழன்றால் தானாகப் பூட்டிக்கொண்டு மறு சக்கரத்துக்கும் இழுவையைக் கொடுத்துவிடும். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஊறிய பாதையில்தான் காபிப் பழம் பறிக்கும் காலமும் தொடங்குகிறது. அந்த மலைக்கு இதைவிட வேறு என்ன வேண்டும்?

இந்த வண்டியின் உயிர்நாடி கியர் ராடுக்குப் பக்கத்தில் இருக்கும் சின்ன ராடு. அதை ‘ஃபோர் லோ’வில் போட்டால் வேகம் ஏறக்குறைய இரண்டரை மடங்கு குறையும், இழுவிசை அதே அளவு கூடும். ஏறும்போது மட்டுமல்ல, இறங்கும்போதும் அதுதான் தெய்வம். முதல் கியரில் விட்டால் இன்ஜினே வண்டியைப் பிடித்து வைத்துக்கொள்ளும். பிரேக் சூடேறிக் கைவிடும் பயம் இல்லை. வத்தலக்குண்டுக்குப் போகும் காய்ந்த தார்ச்சாலையில் மட்டும் இதைப் போடக் கூடாது. வளைவில் முன்சக்கரமும் பின்சக்கரமும் வெவ்வேறு தூரம் ஓடுவதால் பல்சக்கரங்கள் முறுக்கிக்கொள்ளும்.

கடல் தாண்டி உட்கார்ந்து வாங்குவதும் தனி சுகம். எம்பரிவாகன் செயலியில் வண்டி எண்ணைப் போட்டால் எத்தனையாவது உரிமையாளர், காப்பீடு எதுவரை, கடன் பதிவு உண்டா என்று எல்லாம் வந்துவிடுகிறது. இடுக்கிப் பக்கம் நல்ல ஜீப்புகள் உண்டு என்று அப்பா ஆசைப்பட்டார். கேரள வண்டி என்றால் அங்கே தடையில்லாச் சான்று வாங்கி, தமிழ்நாட்டில் மறுபடி வரி கட்டி, மறுபதிவும் செய்ய வேண்டும். கோயம்புத்தூர் வண்டி என்றால் படிவம் 29, 30-இல் வேலை முடிந்தது. அப்படி ஒன்றையே பிடித்தோம்.

வத்தலக்குண்டு மெக்கானிக் அண்ணன் வீடியோ காலில் வண்டிக்கு அடியில் படுத்துக் காட்டினாரே, அதுதான் சினிமா! சேசிஸில் துரு இல்லை. டிஃபரன்ஷியல் எண்ணெய் டீ மாதிரி வெளுத்திருந்தால் ஓடைத் தண்ணீர் உள்ளே போயிருக்கிறது என்று அர்த்தம். இது சுத்தமாக இருந்தது. ஸ்டியரிங்கை முழுசாக ஒடித்து வட்டம் அடித்தபோது முன்சக்கரத்தில் ‘டக் டக்’ சத்தம் இல்லை. மண்ணில் இறக்கி ஃபோர் லோ போட்டார், விழுந்தது. “வாங்கிருங்கப்பா!” என்று கத்தினேன்.

குலுக்கலா? உண்டு, பின்னால் ஸ்பிரிங் பட்டைதான். உயரமா? அதுவும் உண்டு, அம்மாவுக்காக ஃபுட்போர்டு வைத்தோம். எதிரெதிர் பார்த்த பின் இருக்கைகளை மடக்கினால் மூட்டைக்கு இடம். அப்பா இப்போது போனில் என் உடம்பைப் பற்றி விசாரிப்பதற்கு முன் வண்டியின் பெருமையைத்தான் பேசுகிறார்.

மலையில் இருக்கும் அப்பா அம்மாவுக்கு வண்டி தேடுகிறீர்களா? ‘தார்’ என்று எழுதியிருப்பதை மட்டும் நம்பாதீர்கள். அதிலும் இருசக்கர இழுவை வகை உண்டு. தொடுதிரை, அலாய் வீல் எல்லாம் அப்புறம். முதலில் அந்தச் சின்ன ராடு இருக்கிறதா, போட்டால் விழுகிறதா என்று பாருங்கள். விழுந்தால் கண்ணை மூடிக்கொண்டு விலை பேசுங்கள்!