காட்டாத அச்சமும் காட்டிய பூதமும்

அரபு அணியியலாகிய பலாகத்தில் 'கினாயா' என்றொரு பகுதி உண்டு. ஒருவனுடைய விருந்தோம்பலைப் புகழ விரும்பும் அரபுப் புலவன், 'அவன் வீட்டில் சாம்பல் மிகுதி' என்பான். சாம்பல் மிகுந்தால் விறகு மிகுதி. விறகு மிகுந்தால் சமையல் மிகுதி. சமையல் மிகுந்தால் விருந்தினர் மிகுதி. இடையிலுள்ள படிகளைக் கேட்பவனுடைய அறிவே ஏறிக் கடப்பதால், முடிவு அவனுக்கே உரியதாகி விடுகிறது. தமிழிலக்கணத்தார் கூறும் குறிப்புப் பொருளும் இதற்கு அயலானதன்று.

அச்சச் சுவைக்கும் இவ்விதி பொருந்தும் என்பதற்கு, 1957-ல் இங்கிலாந்தில் உருவான 'நைட் ஆஃப் தி டீமன்' என்னும் திரைப்படம் நல்ல சான்றாகும். எம். ஆர். ஜேம்ஸ் எழுதி 1911-ல் நூலாக்கம் பெற்ற ஒரு சிறுகதையைத் தழுவியது அது. இயக்கியவர் ஜாக் டூர்னர்.

மாந்திரீகக் கூட்டமொன்றின் தலைவன் கார்ஸ்வெல். அவனை ஆராய முற்பட்ட பேராசிரியர் ஹாரிங்டன் இறந்து போகிறார். அவ்வாராய்ச்சியைத் தொடர அமெரிக்காவிலிருந்து வரும் உளவியலறிஞர் ஹோல்டன், மாந்திரீகம் முழுவதும் பொய் என்னும் உறுதியுடையவர். லண்டனிலுள்ள பிரிட்டிஷ் மியூசியத்தின் வாசகசாலையில், பண்டைய வட ஐரோப்பிய எழுத்துகள் பொறித்த சீட்டொன்றை அவரறியாமல் அவருடைய தாள்களுக்கிடையே செருகிவிடுகிறான் கார்ஸ்வெல். அதை வைத்திருப்பவர் குறித்த நாளில் மாள்வார். தந்தவனிடமே திரும்பச் சேர்ப்பித்தால் தப்புவார்.

இப்படத்தின் பெருஞ்சிறப்பு கார்ஸ்வெல்லின் பாத்திரப் படைப்பே. நயால் மெக்கினிஸ் நடித்த இவன் கோரப்பல் காட்டும் கொடியவன் அல்லன், தாயிடம் அன்புடையவன், கோமாளி வேடமிட்டு ஊர்ப்பிள்ளைகளுக்கு வித்தை காட்டுபவன். அந்த விருந்தின் நடுவே அவன் நினைத்த மாத்திரத்தில் சூறைக்காற்று எழுகிறது. பிள்ளைகள் அலறி ஓடுகின்றனர். பின்னர்த் தன் தாயிடம், தன்னைப் பின்பற்றுவோர் அச்சத்தாலேயே பொருள் தருகின்றனர் என்றும், தானும் அச்சத்தாலேயே இவற்றைச் செய்வதாகவும் ஒப்புக்கொள்கிறான். பிறரை அச்சத்தால் ஆள்பவன் அவ்வச்சத்துக்குத் தானும் அடிமை என்னும் உண்மையை இவ்வளவு அடக்கமாகச் சொன்ன படங்கள் சிலவே.

அடுத்த சிறப்பு, குறிப்பால் உணர்த்தும் திறன். இரவில் கார்ஸ்வெல்லின் மாளிகைக்குள் ஹோல்டன் புகும்போது, மாடிப்படியின் கைப்பிடியில் யாருடையதென்று தெரியாத ஒரு கை தோன்றுகிறது. அதற்கு விளக்கமே இல்லை. காட்டுவழியில் அவரைத் துரத்துவது புகைத்திரளும், மண்ணில் பதியும் சுவடுகளுமே. டூர்னர் இக்கலையை 1942-ல் எடுத்த 'கேட் பீப்பிள்' படத்திலேயே கைவரப் பெற்றவர். அங்கும் விலங்கைக் காட்டாமல், வெறிச்சோடிய தெருவில் காலடியோசையாலேயே நம்மை நடுங்க வைத்தார்.

ஆனால், இத்துணைத் திறன் வாய்ந்த படம் தொடக்கத்திலேயே பூதத்தை முழுவுருவில் காட்டிவிடுகிறது. பேராசிரியரின் கார் மின்கம்பத்தில் மோதுகிறது. கம்பிகள் அறுந்து விழுகின்றன. அவர் மின்சாரம் தாக்கி இறந்தாரா, மந்திரத்தால் இறந்தாரா என்னும் ஐயத்துக்குக் கதையே வழி வகுத்திருக்கிறது. முடிவிலும் அவ்வாறே. சீட்டு கார்ஸ்வெல்லிடமே திரும்பிச் சேர, அதைத் துரத்தித் தண்டவாளத்தில் ஓடியவனை ரயில் மோதிற்று என்றே கண்டோர் எண்ணுகின்றனர். இரு சாவுக்கும் இருவகை விளக்கம் இயலும்படி கதை அமைந்திருக்க, நடுவில் வந்து நிற்கும் பூதவுரு அவ்விரண்டையும் ஒன்றாக்கி விடுகிறது.

இதனால் நேரும் இழப்பு சிறிதன்று. அறிவுக்கும் அச்சத்துக்கும் இடையிலான வழக்கு இக்கதை, நடுவர், பார்வையாளர். முதற்காட்சியிலேயே தீர்ப்பை வாசித்துவிட்டால் வாதம் எதற்கு? ஹோல்டனின் ஐயம் ஓர் அறிஞரின் நேர்மையாகத் தோன்ற வேண்டியது. நாம் பூதத்தை முன்பே கண்டுவிட்டதால் அது வெறும் பிடிவாதமாகத் தேய்ந்து விடுகிறது. ஜேம்ஸின் மூலக்கதையிலோ, கார்ஸ்வெல் பிரான்சில் ஒரு தேவாலயத்தருகே கல் விழுந்து இறக்கிறான். விழச் செய்தது எது என்னும் வினா வாசகனிடமே விடப்படுகிறது.

பூதத்தைக் காட்டியதில் தமக்கு உடன்பாடில்லை என்று டூர்னர் பின்னாளில் கூறியுள்ளார். தயாரிப்பாளர் ஹால் செஸ்டர் மீதே பழி விழுந்தது. பூதம் வேண்டும் என்று வாதிடும் சுவைஞர்களும் உளர். இறுதியில் புகைக்குள்ளிருந்து அது எழும் காட்சிக்கு ஒரு வலிமை உண்டு என்பதை நானும் மறுக்கவில்லை. எனினும், முடிவில் காண்பது வேறு. முதலிலேயே காண்பது வேறு. பூனை சிறுத்தையாக மாறி ஹோல்டனோடு பொருதும் காட்சிக்கோ எவ்வாதமும் துணை நில்லாது. பாய்வது பொம்மை என்பது அப்பட்டமாகத் தெரிகிறது.

குறையிருந்தும் இப்படம் காணத்தக்கதே. வளர்ந்த பிள்ளைகளோடு இதைக் காணும் பெற்றோர், எந்தக் காட்சி உங்களை மிகவும் அச்சுறுத்தியது என்று அவர்களிடம் கேட்டுப் பார்க்கலாம். பூதத்தைச் சொல்பவர் சிலரே இருப்பர்; கைப்பிடியில் தோன்றிய அந்தக் கையைச் சொல்பவரே மிகுதியாக இருப்பர் என்பது என் எண்ணம்.