கல் தலையணை

அன்னவாசலில் பிறந்த எனக்குச் சித்தன்னவாசல் மலை என்றால் அங்குள்ள ஓவியத்துத் தாமரைக் குளத்தைவிட ஏழடிப்பட்டம் குகையின் கல் தலையணைகள்தான் பிடிக்கும். குகைத் தரையில் வழுவழுப்பாக இழைத்த பதினேழு சமணப் படுக்கைகள். தலைமாட்டில் பாறையையே மேடாக விட்டுச் செதுக்கியிருக்கிறார்கள். வெயில் நேரத்தில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள், பானைத் தண்ணீர்போல் குளிர்ச்சி.

அவற்றின் அருமை எனக்குப் புரிந்தது ஜெர்மனியில் மாணவர் விடுதியில் இருந்தபோதுதான். ஒரு கட்டில், ஒரு மேசை, ஒரு ஜன்னல். பொது அடுக்களையில் கடுகு தாளித்தால் எல்லாரும் எட்டிப் பார்ப்பார்கள். ராத்திரி அம்மாவோடு பேசலாம் என்றால், குளிர்காலத்தில் ஊருக்கும் எனக்கும் நாலரை மணி நேர வித்தியாசம், அவள் தூங்கியிருப்பாள். தலையணை மட்டும் பக்கத்தில் இருக்கும்.

ஏழடிப்பட்டத்தின் பெரிய படுக்கையில் ஈராயிரம் ஆண்டுக்கு முந்தைய தமிழ் பிராமிக் கல்வெட்டு உண்டு. எருமை நாட்டுக் குமிழூரில் பிறந்த காவுடி என்பவருக்கு இளையர் செய்து கொடுத்த இருக்கை அது. எருமை நாடு இன்றைய மைசூர்ப் பக்கம் என்பார்கள். யாரோ ஒரு வெளியூர்க்காரருக்கு எங்கள் மலையில் படுக்க இடம் கொடுத்து, அவர் பிறந்த ஊரையும் மறக்காமல் வெட்டியிருக்கிறார்கள்! பல நூற்றாண்டு கழித்து வந்த திருநீலன், திருப்பூரணன் பெயர்களும் அங்கே இருக்கின்றன. என் விடுதிக் கட்டிலின் மரச்சட்டத்திலும் எனக்கு முன்னே படுத்தவர்கள் பெயர் கீறியிருந்தார்கள். கிளம்பும் அன்று நானும் கீறினேன், ஊர்ப் பெயரோடு.