மருந்தும் மனமும்: ஒரு சிகிச்சைமுறையின் குணதோஷங்கள்

எச்.ஐ.வி. கிருமியை அடக்கும் மருந்து கைக்கெட்டும் தூரத்தில் இருந்தும், அதனை நாள் தவறாமல் உட்கொள்ள மனம் எழாமற்போவது, போதைப் பழக்கத்தோடும் மனச்சோர்வோடும் ஒருங்கே போராடுகிறவர்களுக்கு நேரும் பெருந்துயரமாகும். 2002-ஆம் ஆண்டில் ஏறத்தாழ ஏழாயிரம் பேருக்குப் புதிதாகத் தொற்றுக் கண்டறியப்பட்டு, அவர்களிற் பெரும்பாலோர் ஊசிவழி போதை ஏற்றியவர்களாகவே இருந்த நமது மலேசியாவில், 2005-இல் ஓப்பியப் போதைக்கு மாற்றாகத் தரப்படும் மெத்தடோன் சிகிச்சையும் மறு ஆண்டில் ஊசி மாற்றித் தரும் திட்டமும் தொடங்கப்பட்டன. உடலுக்குக் கிடைத்த அந்த அக்கறை மனத்துக்கும் கிடைத்தாலன்றி வைத்தியம் பூர்த்தியாகாது.

அவ்வகையில் ஆராயத்தக்கது, அமெரிக்க உளவியலறிஞர் ஸ்டீவன் சாஃப்ரென் குழுவினர் வகுத்த முறை. 'இனி வாழ்ந்து என்ன பயன்' என்ற எண்ணத்தை நோயாளியே விசாரித்துப் பார்க்கப் பழக்குவதும், மாத்திரையை எங்கே வைப்பது, எவ்வேளையில் எடுப்பது, ஒரு வேளை தவறினால் என்ன செய்வது என்று திட்டமிடச் செய்வதும் அதன் சாரம். ஓப்பியப் பழக்கத்துக்குச் சிகிச்சை பெற்றுவந்த 89 பேரிடம் அவர்கள் நடத்தி 2012-இல் வெளியிட்ட பரீட்சையில், திறக்கும் நேரத்தைத் தானே பதியும் மூடியிட்ட புட்டிகளைக் கொண்டு அளந்தபோது, மருந்துண்ணும் ஒழுங்கு உயர்ந்தது, சோர்வும் தணிந்தது. எச்.ஐ.வி., மனச்சோர்வு ஆகிய இரு நோய்களையும் ஒரே மனிதனுடைய துன்பமாகக் கண்டதே இம்முறையின் தலையாய குணம்.

தோஷமும் அங்கேயே வெளிப்பட்டது. ஆலோசனை அமர்வுகள் நின்றபின் சோர்வு தணிந்த நலம் நிலைத்ததேயன்றி, மருந்துண்ணும் ஒழுங்கு நிலைக்கவில்லை. ஆகவே துக்கம் நீங்கினால் ஒழுங்கு தானே வரும் என்று எண்ணுவதற்கில்லை. மேலும், எஃபாவிரென்ஸ் போன்ற எச்.ஐ.வி. மருந்து இரத்தத்தில் மெத்தடோனின் அளவை வெகுவாகக் குறைத்துவிடுவதால், வியர்த்து, உடல் நொந்து, உறக்கமிழந்தவன் அம்மாத்திரையையே சத்துருவாகக் கருதி நிறுத்திவிடக்கூடும். அவனுக்கு வேண்டியது மெத்தடோன் அளவைத் திருத்தும் மருத்துவரேயன்றி உபதேசமன்று.

தோட்டத்தை விட்டு மலாக்காவின் தஞ்சோங் கிளிங் வட்டாரத்துத் தாமான் வீடுகளில் குடியேறிய நம்மவரில் ஒருவர், அயலார் கண்ணுக்குப் படாதபடி மாத்திரையை அரிசி டின்னுக்குள் ஒளித்துவைக்க நேர்ந்தால், அட்டவணை எழுதித் தருவதால் மட்டும் அவர் தேறிவிடுவாரா? மருந்தாளுநர் முன்னிலையில் மெத்தடோன் அருந்த வரும் கிளினிக் முகப்பிலேயே எச்.ஐ.வி. மாத்திரையும் அவர் கைக்கு வரவேண்டும். தம் மனக்குறையைத் தமிழில் சொல்லி ஆற்றிக்கொள்ள ஓர் ஆலோசகரும் அங்கே இருத்தல் வேண்டும். வாழ்நாள் முழுதும் உண்ணவேண்டிய மருந்துக்குச் சில வாரத் துணை போதாது. அத்துணையை நிரந்தரமாக்கினாலன்றி இந்த நல்ல முறை தன் முழுப் பயனைத் தராது.