'ஆபத்தான நடத்தை': ஒரு மொழிபெயர்ப்பின் இலக்கணம்

திருநங்கையரிடையே எச்.ஐ.வி. தொற்றுக்குரிய சமூக, நடத்தைக் காரணிகளை ஆராய்வோர் பெரும்பாலும் ஆங்கிலத்தில் வடிவமைத்துப் பின்னர் இந்திய மொழிகளில் பெயர்க்கப்படும் வினாநிரல்களையே சார்ந்திருக்கின்றனர். அவற்றின் தமிழ் வடிவம் எதைக் கேட்கிறது, எதைக் கேட்கவொட்டாமல் தடுக்கிறது என்பதை இக்கட்டுரை நோக்குகிறது. சிக்கல் சிறிதன்று. 2013-இல் லான்செட் தொற்றுநோய் இதழில் வெளிவந்த தொகுப்பாய்வு, 15 நாடுகளின் தரவுகளைக் கொண்டு, திருநங்கையருள் 19.1 விழுக்காட்டினர்க்குத் தொற்று இருப்பதாகக் கணித்தது. இந்தியாவில் 2014-15-ஆம் ஆண்டுக் கண்காணிப்பாய்வு கண்ட அளவு 7.5 விழுக்காடு.

கலைச்சொல்லிலேயே முதற் பிழை நேர்கிறது. ஆங்கில உளவியலில் அறச்சார்பின்றி வழங்கும் சொல்லுக்கு நாம் 'நடத்தை' என்கிறோம். 'நடத்தை கெட்டவள்', 'நன்னடத்தைச் சான்றிதழ்' ஆகிய தொடர்களை அறிந்த ஒருவர்க்கு இச்சொல் ஒழுக்கத்தின் மறுபெயராகவே ஒலிக்கும். 'ஆபத்தான' என்னும் பெயரடையோ இன்னும் தொல்லை தருவது. 'ஆபத்தான பாம்பு' என்பதில் ஆபத்து பாம்பினால் பிறர்க்கு நேர்வது; 'ஆபத்துக்குள்ளான படகு' என்பதில் படகுக்கே நேர்வது. 'ஆபத்தான குழுவினர்' என்று எழுதும்போது ஆபத்துக்கு உள்ளாவோர் ஆபத்தை விளைவிப்போராகி விடுகின்றனர்.

இதனினும் ஆழமானது வினைமுதல் பற்றிய சிக்கல். 'கடைசி முறை ஆணுறை பயன்படுத்தினீர்களா?' என்பது இவ்வகை ஆய்வுகளின் அடிப்படை வினா. ஆங்கில வினைச்சொல் இருவருள் எவரையும் பயன்படுத்துவோராகக் கொள்ள இடந்தரும். 'பயன்படுத்து' என்பதும் அதே மயக்கத்தை வாங்கிக்கொள்கிறது. வினவப்படும் திருநங்கை பெரும்பாலும் ஆணுறையை அணிபவர் அல்லர். அவர் செய்யக்கூடியது அணியச் சொல்வது, கெஞ்சுவது, மறுப்பது, மறுத்ததற்காக அடிபடுவது. தமிழில் இவற்றுக்கெல்லாம் வடிவம் உண்டு. 'அணிந்தாரா?', 'அணியச் செய்ய முடிந்ததா?', 'அணிய மறுத்தாரா?' என்னும் மூன்று வினாக்கள் மூன்று வேறு உண்மைகளைத் தரும். பிறவினையும் இயலுமைத் துணைவினையும் கையிலிருந்தும் அவற்றைப் பயன்கொள்ளாத மொழிபெயர்ப்பு, வாடிக்கையாளரின் மறுப்பைத் திருநங்கையின் நடத்தையாகப் பதிவு செய்கிறது. 'இல்லை' என்ற ஒரு சொல்லில் வாடிக்கையாளரும் காவலரும் மறைந்துபோகின்றனர்.

காவலரைக் குறிப்பிடக் காரணம் உண்டு. 2001-இல் இலக்னோவில் ஆணுறை வழங்கித் தொற்றுத்தடுப்புப் பணி செய்தோரே தண்டனைச் சட்டம் 377-ஆம் பிரிவின்கீழ்க் கைதாயினர். வயதுவந்தோர் இசைந்து கொள்ளும் உறவுக்கு அப்பிரிவு பொருந்தாதென இறுதியாகத் தீர்ப்பு வந்தது 2018-இல்தான். கைப்பையில் ஆணுறை வைத்திருப்பதே சான்றாகிவிடும் என்ற அச்சத்தில் அதை எறிந்துவிடுபவரிடம் காணப்படுவது அறியாமை அன்று. குடும்பம் விலக்கியமை, பள்ளி இடைநிற்றல், வேறு வேலை கிடையாமை ஆகியன இதற்கு முன்னரே நிகழ்ந்தவை. உளப்பாங்கும் இதில் அடங்கும். காசு தருபவரிடம் ஆணுறையை வலியுறுத்தும் ஒருவர், 'பந்தி' எனவும் 'புருஷன்' எனவும் தாம் அழைக்கும் துணைவரிடம் அதைப் பேசாதிருக்கலாம், பேசினால் ஐயுறுவதாகும். 'நிலையான துணைவர்' என்னும் வரட்டுத் தொடர் இவ்வுறவைத் தொடுவதில்லை.

இந்திய ஆய்வுகள் பலவற்றில் திருநங்கையர் நெடுங்காலம் 'ஆணோடு உறவுகொள்ளும் ஆண்' என்ற வகைப்பாட்டினுள்ளேயே எண்ணப்பட்டனர். ஆங்கிலத்தில் அது மூன்றெழுத்துச் சுருக்கம். பால் கண்ணுக்குப் படாது. தமிழில் விரித்தாக வேண்டும். தம்மைப் பெண்ணாகக் கூறுபவரை ஆண் என விளித்துவிட்டு அவரிடம் அந்தரங்கத்தைக் கேட்கும் வினாநிரலுக்கு எத்தகைய விடை கிட்டும்?

சொல்லை மாற்றினால் தொற்று குறையுமா என்று வினவலாம். குறையாது. ஆயினும் எது காரணமாக எண்ணப்படுகிறதோ அதற்கே திட்டம் தீட்டப்படும். 'நடத்தை'யைக் கண்ட ஆய்வு அறிவுரை வழங்கும். மறுப்பையும் வன்முறையையும் கண்ட ஆய்வு வாடிக்கையாளரிடமும் காவல் நிலையத்திடமும் சென்றாக வேண்டும்.

மொழிபெயர்ப்பைச் சரிபார்க்கக் கையாளும் மீள்பெயர்ப்பு முறை இக்குறைகளைக் காட்டிக்கொடுப்பதில்லை. 'ஆபத்தான நடத்தை' ஆங்கிலத்திற்குத் திரும்பும்போது புறப்பட்ட சொல்லாகவே போய்ச் சேரும். 'பயன்படுத்தினீர்களா' என்பதும் அவ்வாறே. தேர்வு பிழையின்றி முடிந்துவிடும். திருநங்கையர் சிலரிடம் வினாவை வாசித்து, 'இதில் யார் என்ன செய்ததாகக் கேட்கிறார்கள்?' என அவர்தம் சொற்களிலேயே கூறச் செய்வது கூடுதலாக ஒரு நாட்பணி; வினாநிரல் அச்சேறுமுன் அதற்குக் காலம் ஒதுக்கலாம்.