‘சுதந்திர உலக’மும் எஞ்சி நின்றவனும்

உழைப்பை விற்பவனைப் பற்றிக் கலை நிறையப் பேசியிருக்கிறது. அவ்விற்பனைக்குத் தரகு பார்ப்பவரைப் பற்றிப் பேசியது குறைவே. கென் லோச் நெறிப்படுத்தி, போல் லவர்ட்டி எழுதி, 2007இல் வெளிவந்த ‘இட்ஸ் எ ஃப்றீ வேர்ல்ட்’ என்ற ஆங்கிலத் திரைப்படம் இக்குறையைத் தீர்க்க முனைகிறது. போலந்திலே ஆள் திரட்டும் முகவர் நிலையமொன்றில் வேலைபார்த்து, பின்னர் நீக்கப்பட்ட ஏஞ்சி என்ற இலண்டன் பெண், தானே அத்தொழிலைத் தொடங்குகிறாள். சுரண்டப்பட்டவள் சுரண்டுபவளாக மாறுகிறாள். அவளை அரக்கியாக்காமல், கடனுக்கும் மகனின் எதிர்காலத்துக்கும் அஞ்சும் மனுஷியாகவே காட்டியது படத்தின் வெற்றி.

ஆனால், ஆள் கொடுத்த நாடு எங்கே? போலந்து இப்படத்தில் ஒரு நேர்முகப் பரீட்சை அறையளவுக்குச் சுருங்கிவிடுகிறது. 1990 ஜனவரியில் பல்சரோவிச் திட்டம் அந்நாட்டைச் சந்தைப் பொருளாதாரத்துள் தள்ளியது. அரச ஆலைகள் பல மூடப்பட்டன. 2002–2003இல் வேலையின்மை 20 சதவீதத்தை எட்டியது. 2004 மே 1ஆந் திகதி போலந்து ஐரோப்பிய ஒன்றியத்திற் சேர்ந்தது. பிரித்தானியா, அயர்லாந்து, சுவீடன் ஆகியன உடனே கதவைத் திறந்தன. 2007 முடிவில் 20 இலட்சத்துக்கு மேற்பட்ட போலந்தியர் பிறநாடுகளில் இருந்தனர்.

ஆள் குறைந்தால் கூலி உயரும், எஞ்சியவனுக்கும் நன்மை என்பர் சந்தைவாதிகள். இது பாதி உண்மையே. 2008 முடிவில் வேலையின்மை 10 சதவீதத்துக்குக் கீழிறங்கியது மெய்தான். ஆயினும், 1998 முதல் 2007 வரையான காலத்தை ஆராய்ந்த டஸ்ட்மன், ஃப்ரட்டினி, ரோசோ ஆகியோர் கண்டது வேறு: இடைநிலை, உயர்நிலைத் தேர்ச்சி பெற்றோரின் கூலி சற்றே உயர்ந்தது, அடித்தட்டுத் தொழிலாளிக்கு எதுவும் கிட்டவில்லை. பெருமளவிற் புறப்பட்டவர்கள் தேர்ச்சி பெற்றவர்களே. மேசன் கடல் கடந்தால், எஞ்சிய மேசனுக்குக் கிராக்கி கூடலாம். கல்லெடுத்துக் கொடுக்கும் கையாளுக்கு வேலையே குறையலாம். ஆக, புலப்பெயர்வு கூலியை உயர்த்தியதா என்று கேட்பது போதாது. யாருடைய கூலியை என்று கேட்க வேண்டும்.

இந்தக் கையாளை லோச் காணவில்லை. ஏஞ்சியின் தந்தையான முதிய தொழிலாளி அவளுடைய மனச்சாட்சியாய் நின்று கண்டிக்கிறார். ஆனால் தனிமனித மனச்சாட்சியால் ஒரு சந்தையின் இயக்கத்தை விளக்கிவிட முடியாது.

எனினும் முடிவுக் காட்சியில் கலைஞனின் பார்வை கூர்மை பெறுகிறது. ஏஞ்சி புதிய ஆட்களைத் தேடி உக்ரேனுக்குச் செல்கிறாள். 2014இன் பின் பெருந்தொகையான உக்ரேனியர் போலந்தின் வயல்களுக்கும் கட்டட வேலைகளுக்கும் வந்து சேர்ந்தனர். ஆள் கொடுத்த நாடே ஆள் வாங்கும் நாடாயிற்று. சங்கிலியின் அடுத்த கண்ணியை லோச் முன்னரே காட்டிவிட்டார். முதற் கண்ணியில் எஞ்சி நின்றவனின் கதைதான் இன்னும் சொல்லப்படாமல் இருக்கிறது.