ஆலை நகரின் மறுவாழ்வு

பாழடைந்த கட்டிடத்தைப் பழுது பார்த்துவிட்டால் பாழடைந்த ஊரும் பிழைத்துக்கொள்ளும் என்பது இக்காலத்தில் பல நாடுகளிலும் வழங்கிவரும் ஒரு நம்பிக்கையாகும். ஆலை மூடிய ஊரிலே சுவரைச் செப்பனிட்டு, கதவுக்கு வர்ணம் பூசி, வாயிலில் ஓர் அறிவிப்புப் பலகையும் நாட்டிவிட்டால், பார்க்க வருவோர் கூட்டம் வரும். கூட்டத்தின் பின்னே காசு வரும். காசின் பின்னே வாழ்வு வரும் என்கிறார்கள். இந்நம்பிக்கையில் உண்மை எவ்வளவு, வெறும் பூச்சு எவ்வளவு என்று ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொண்ட ஊர், அமெரிக்காவில் மாசாசூசெட்ஸ் மாகாணத்திலுள்ள லோவெல் என்னும் பழைய நெசவாலை நகரம்.

நூலை விமரிசிப்பதுபோல் ஊரை விமரிசிக்கலாமோ என்று சிலர் ஐயுறலாம். பழைய கட்டிடங்களுள் சிலவற்றைக் கொண்டு, சிலவற்றைத் தள்ளி, வருவோர்க்கு ஒரு கதை சொல்லுமாறு அமைப்பது நூலியற்றுவதை ஒத்த செயலேயாம். ஆதலின், 'இக்கதை யாருடையது? இதில் விடுபட்டவர் யாவர்?' என்று நூலாசிரியனைக் கேட்பதுபோல் அவ்வூராரையும் கேட்கலாம் என்பது என் துணிபு.

ஊர் பிறந்த வரலாறு

மெரிமாக் என்னும் ஆறு பாட்டக்கெட் அருவியில் 32 அடி கீழே இறங்குகிறது. அந்நீரின் விசையை நம்பியே ஊர் எழுந்தது. பாஸ்டன் நகரத்து வணிகரான பிரான்சிஸ் காபட் லோவெல் 1810-ம் ஆண்டு பிரிட்டனுக்குச் சென்று ஈராண்டு தங்கி, அந்நாட்டார் பிறர்க்குக் காட்டாது காத்துவந்த விசைத்தறியின் அமைப்பை நெஞ்சிலே எழுதிக்கொண்டு திரும்பினார். 1817-ல் அவர் காலமானார். அவருடைய கூட்டாளிகள் 1822-ல் மெரிமாக் ஆற்றங்கரையில் ஆலை வேலையைத் தொடங்கி, 1826-ல் ஊருக்கு அவர் பெயரையே சூட்டினர். தம் பெயர் தாங்கிய ஊர் எழுந்ததை அவர் காணவில்லை.

கால்வாய் வெட்டியவர்கள் அயர்லாந்துக்காரர்கள். 1822-ல் ஹியூ கம்மிஸ்கி என்பார் முப்பது ஆட்களைத் திரட்டிச் சார்ல்ஸ்டவுனிலிருந்து கால்நடையாகவே அழைத்து வந்தார். நம்மவர் அவரைக் கங்காணி என்றே அழைத்திருப்பர். நாளடைவில் கால்வாய்கள் 5.6 மைல் நீளமாயின. அவற்றை வெட்டியவர்களோ ஊரின் ஓரத்தில் 'ஏக்கர்' என்று பெயர் பெற்ற நிலத்தில் குடிசை போட்டுக் கிடந்தனர்.

தறியில் நின்றவர்கள் பெரும்பாலும் நாட்டுப்புறத்து உழவர் வீட்டுப் பெண்கள். 1840-ம் ஆண்டளவில் ஆலைத் தொழிலாளர் சுமார் 8,000 பேர். மணி அடித்தால் எழவேண்டும்; மணி அடித்தால் உண்ணவேண்டும்; மணி அடித்தால் மீண்டும் தறிக்கு ஓடவேண்டும். வாரத்தில் எழுபது மணி நேரத்துக்கு மேல் வேலை. குடியிருப்பது கம்பெனியின் விடுதி. ஓர் அறையில் நால்வர், அறுவர். ஒரு கட்டிலில் இருவர். இரவு பத்து மணிக்குக் கதவு அடைபடும். ஞாயிறுதோறும் தேவாலயம் செல்வதும் கம்பெனி விதித்த விதியே. பெரட்டுக் களத்தையும் லயத்தையும் அறிந்த வாசகர்க்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

பெண்கள் நடத்திய பத்திரிகை

இப்பெண்கள் எழுத்தறிவு உடையவர்கள். 1840 முதல் 1845 வரை அவர்கள் எழுதிய கதை, கட்டுரை, செய்யுள் ஆகியவற்றைத் தாங்கி 'லோவெல் ஆபரிங்', அதாவது 'லோவெல் காணிக்கை' என்னும் சஞ்சிகை வெளிவந்தது. தொடக்கத்தில் ஒரு பாதிரியார் நடத்தினார். பின்னர் ஆலையில் வேலை செய்தவர்களான ஹாரியட் பார்லி, ஹாரியட் கர்ட்டிஸ் என்னும் இருவர் பத்திராதிபர்களாயினர். 1842-ல் லோவெலுக்கு வந்த ஆங்கில நாவலாசிரியர் சார்ல்ஸ் டிக்கன்ஸ் அதனைப் படித்து, தமது அமெரிக்கப் பிரயாண நூலில் மெச்சி எழுதினார். தறியில் நிற்கும் பெண் பேனா பிடித்தாள் என்பது அக்கால உலகத்துக்குப் பெரும் வியப்பு. அப்பெருமையை நாம் குறைத்துக் கூற வேண்டுவதில்லை.

நிற்க. அப்பத்திரிகையில் எது இல்லை என்பதையும் பார்க்க வேண்டும். 1834-ல் சம்பளத்தைக் குறைத்தபோது பெண்கள் வேலையை விட்டு வீதிக்கு வந்தனர். 1836-ல் விடுதிக் கட்டணம் ஏறியபோது மீண்டும் வந்தனர். அன்று பதினோரு வயதுச் சிறுமியாயிருந்த ஹாரியட் ஹான்சன், தயங்கி நின்ற தோழியர்க்கு முன்னே தான் நடந்து காட்டினாள். அவளுடைய விதவைத் தாய் கம்பெனி விடுதியொன்றை நடத்திவந்தாள். அத்தாயின் வேலையைக் கம்பெனி பறித்தது; வேலையோடு இருப்பிடமும் போயிற்று. வேலை போனால் வீடும் போகும் என்பது எந்த நாட்டுத் தோட்டத்துக்கும் ஆலைக்கும் பொதுவிதி போலும். அச்சிறுமி முதியவளாகி 1898-ல் வெளியிட்ட நினைவு நூலால் இச்செய்தி நமக்குக் கிடைக்கிறது.

சம்பளம், வேலை நேரம் பற்றிய குறைகளுக்குக் 'காணிக்கை' இடங்கொடுக்கத் தயங்கிற்று. அதில் முன்பு எழுதியவரே ஆகிய சாரா பாக்லி, தம் கட்டுரைகள் தள்ளப்பட்டன என்று 1845-ல் மேடையேறிக் குற்றஞ்சாட்டினார். ஹாரியட் பார்லி மறுத்தார். அவ்வாண்டிலேயே, நாளொன்றுக்குப் பத்து மணி நேரமே வேலை வேண்டுமென்று இரண்டாயிரத்துக்கு மேற்பட்டோர் கையெழுத்திட்ட மகஜர்கள் மாகாணச் சட்டசபைக்குச் சென்றன. சபையின் குழு பெண்களை அழைத்து விசாரித்தது. விசாரித்துவிட்டு, சட்டம் வேண்டியதில்லை என்று கூறிவிட்டது. மாதர்க்குப் பத்து மணி நேரச் சட்டம் அம்மாகாணத்தில் வந்தது 1874-ல். கையெழுத்திட்டவருள் எத்துணைப் பேர் அதன் பயனைத் துய்த்திருப்பர்?

இவ்வரலாற்றை இத்துணை விரிவாகக் கூறியதற்குக் காரணம் உண்டு. 'காணிக்கை' அழகிய பத்திரிகை. பொய் சொன்ன பத்திரிகையன்று. ஆயினும் உண்மையில் ஒரு பாதியை உள்ளே விடத் தயங்கிய பத்திரிகை. புதுப்பிக்கப்பட்ட ஊரும் இவ்வாறே அழகாயிருந்து, பாதி உண்மையோடு நின்றுவிடக்கூடும். இதுவே நாம் அஞ்சவேண்டிய குற்றம்.

இடிப்பும் எடுப்பும்

1920-ல் லோவெலின் மக்கள் தொகை ஒரு லட்சத்துப் பன்னீராயிரத்துக்கு மேல் இருந்தது. அதன்பின் ஆலைகள் கூலி மலிந்த தென் மாகாணங்களை நாடின. பழைய இயந்திரங்களைப் புதுப்பிக்க முதலாளிகள் பணமிடவில்லை. பூட் ஆலையும் 1955-ல் மூடப்பட்டது. ஊரைத் திருத்துவோம் என்று கிளம்பியவர்கள் முதற்கண் எடுத்த கருவி கடப்பாரை. 1960-களில் மெரிமாக் கம்பெனியின் ஆலையும் விடுதி வரிசைகளும் மண்ணாயின.

இடித்த இடத்தில் வாழ்வு முளைக்கவில்லை என்று கண்டபின்னரே வேறு யோசனை பிறந்தது. பள்ளித்துறையில் பணியாற்றிய பாட்ரிக் மோகன் என்பார், இவ்வூரையே ஒரு பள்ளிக்கூடமாகக் கொள்வோம் என்றார். தம் ஊர் அழுக்கூர் என்று நாணிய தொழிலாளர் பிள்ளைகள், தம் பாட்டன் பாட்டியர் செய்த வேலையின் பெருமையை அவ்வூரிலேயே கற்கவேண்டும் என்பது அவர் கருத்து. அவ்வூரிற் பிறந்து காங்கிரஸ் சபை சென்ற பால் சாங்கஸ் அக்கருத்தை மசோதாவாக்கினார். 1978-ம் ஆண்டு ஜூன் 5-ல் ஜனாதிபதி கார்ட்டர் கையெழுத்திட, லோவெல் தேசிய வரலாற்றுப் பூங்காவாயிற்று. இங்கே பூங்கா என்பது மலையும் காடுமன்று. ஆலையும் கால்வாயும் விடுதியுமே.

பூட் ஆலையில் 1992-ல் திறக்கப்பட்ட காட்சிச்சாலையே இவ்வேலைக்கு மகுடம். எண்பதுக்கு மேற்பட்ட தறிகள் அங்கே வரிசையாக நிற்கின்றன. அவற்றுட் சில ஓடுகின்றன. வருவோர்க்குக் காதில் வைத்துக்கொள்ள அடைப்பான் தருகிறார்கள். சில தறிகளின் இரைச்சலுக்கே காதை அடைக்க வேண்டுமாயின், அத்தனையும் ஓடிய கூடத்தில் நாள் முழுதும் நின்றவள் பாடு என்ன? இதனை எந்தக் கட்டுரையும் இவ்வளவு தெளிவாகச் சொல்லாது. அடுத்துள்ள பழைய விடுதியில் அப்பெண்கள் உண்ட கூடமும் உறங்கிய அறையும் காட்டப்படுகின்றன. வேலைநிறுத்தங்களின் கதையும், பின்னர் வந்த கிரேக்கர், போலந்தார், பிரெஞ்சுக் கனடியர் முதலானோர் கதையும் உடன் கூறப்படுகின்றன. கூலிக்காரியின் கட்டிலைத் தேசத்தின் சொத்தாக்கி, அரசாங்கச் செலவில் காப்பது சிறு செயலன்று. அரண்மனையையும் கோட்டையையுமே காத்துப் பழகிய உலகத்திற்கு இது புதிய பாடம்.

குறைகள்

இனிக் குறைகளைக் கூறுவோம். முதலாவது, கட்டிடப் புதுப்பிப்பு கட்டிடம் உடையார்க்கே வரலாறு தரும். கம்பெனி செங்கல்லால் கட்டிற்று. ஆதலின் கம்பெனி நிற்கிறது. கால்வாய் வெட்டிய அயர்லாந்துக்காரனின் முதற் குடிசை நிற்கவில்லை. அவன் வெட்டிய கால்வாயைக் கோடைகாலத்தில் படகேறிப் பார்க்கலாம். அவன் படுத்த தரையைப் பார்க்க இயலாது.

இரண்டாவது, இதனினும் கொடிது. லோவெலின் தறிகள் தின்ற பஞ்சு, தென் மாகாணங்களில் ஆப்பிரிக்க அடிமைகள் விளைத்தது. அது மட்டுமோ? முரட்டுத் துணியை நெய்து அவ்வடிமைகளின் உடுப்புக்கே திருப்பி விற்றார்கள். அத்துணிக்கு 'லோவெல்' என்றே பெயர் வழங்கிற்று. இச்செய்தியைக் காட்சிச்சாலை மறைக்கிறதென்று நான் கூறவில்லை. ஆனால் செப்பனிட்டுக் காட்ட, அவ்வடிமைக்கு அவ்வூரில் ஒரு சுவருமில்லை. சுவரை மட்டும் பார்த்துத் திரும்புவோன் அவனைக் காணாமலே திரும்புவான்.

மூன்றாவது, பிழைப்பைப் பற்றியது. செங்கல்லே ஊரை வாழ்வித்தது என்பார் கூற்றை நான் முழுதும் ஒப்புவதற்கில்லை. வாங் என்னும் கணினிக் கம்பெனி 1970-களின் பிற்பகுதியில் தன் தலைமையகத்தை லோவெலுக்குக் கொண்டுவந்தது, வேலையும் வந்தது. 1992-ல், காட்சிச்சாலை திறந்த அதே ஆண்டில், அக்கம்பெனி திவாலாயிற்று. ஒரே முதலாளியை நம்பிய ஊர் இரண்டாம் முறையும் அடிபட்டது. ஆயினும் ஊர் முன்போல் விழுந்துவிடவில்லை. 1895-ல் தோன்றிய நெசவுப் பள்ளி வளர்ந்து இன்று பல்கலைக்கழகமாக நடக்கிறது. ஆலை மாடிகள் பல குடியிருப்புகளாயின. கம்போடியாவின் கொலைக்களத்திலிருந்து தப்பியோர் 1980-களில் ஆயிரக்கணக்காக வந்து, மலிந்த வாடகைக்குக் குடியேறிக் கடை வைத்துத் தெருக்களை நிரப்பினர். அவர்களுள் ஒருவரான சொக்காரி சாவ் 2022-ல் நகர மேயரானார். 2020-ம் ஆண்டுக் கணக்கில் மக்கள் தொகை 115,554. அதாவது, நூறாண்டு கழித்து ஊர் தன் பழைய அளவைத் தாண்டிற்று. செங்கல் கூடு தந்தது; கூட்டில் உயிர் வைத்தவர்கள் கல்வியாளரும் குடியேறிகளுமே என்று கூறுவதுதான் நியாயம்.

நமக்குள்ள பாடம்

இவ்வளவு தொலைவிலுள்ள ஊரைப் பற்றி ஒரு தோட்டத்துக் கிராணி ஏன் எழுதவேண்டும்? காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். நான் முன்பு வேலை பார்த்த ஒரு தோட்டத்தில், நிலம் கைமாறியபோது துரை பங்களாவைச் செப்பனிட்டு விருந்தினர் தங்குமிடமாக்கினார்கள். வர்ணம் அழகாகவே இருந்தது. லயங்கள் பலகையும் தகரமுமானவை. ஒரே வாரத்தில் தரைமட்டமாயின. ஆபிசைக் காலி செய்தபோது அலமாரியில் பழைய செக்ரோல் புத்தகங்கள் அடுக்கடுக்காக இருந்தன. கறையான் அரித்தவை போக எஞ்சியவற்றை எரித்துவிடும்படி உத்தரவு. வரிசை வரிசையாகப் பெயர்கள். ஒவ்வொரு பெயருக்கும் நேரே, வந்த நாளுக்கு ஒன்று, வராத நாளுக்குச் சுழி. ஒருவருடைய வாழ்நாள் முழுவதற்கும் எழுத்திலே இருந்த சாட்சி, பலருக்கு அது ஒன்றே. ஸ்டோருக்குப் பின்னால் அவற்றை எரித்தவன் நானே. உத்தரவு என்னுடையதன்று என்று பலமுறை எனக்கே சொல்லிக்கொண்டதுண்டு, தீக்குச்சி என்னுடையதுதான்.

லோவெல் பெண்களின் சுவரைக் கம்பெனி கட்டிற்று. ஆனால் அச்சுவர் அவர்களைப் பற்றிப் பேசுவதற்குக் காரணம், அவர்கள் எழுதிய கடிதமும், மகஜரும், அந்தக் குறையுள்ள பத்திரிகையும், ஹான்சனின் நினைவு நூலும் அழியாமல் இருந்தமையே. அவை இல்லையாயின், பூட் ஆலை இன்று முதலாளியின் புகழ்பாடும் மாளிகையாக மட்டுமே நிற்கும். எழுத்து இருந்தால் இடிந்த சுவரைப் பற்றியும் பேசலாம். எழுத்து இல்லாவிடில் நிற்கும் சுவரும் பிறர் கதையையே பேசும்.

ஆகவே, தோழர்களே! பழைய கட்டிடத்தைக் காப்போம் என்று யாரேனும் வந்தால் வரவேற்போம். ஆனால், 'லயத்தின் கதைக்கு அதில் இடம் உண்டா?' என்று முதலிலேயே கேட்போம். அதற்கு முன், நம் வீட்டுப் பெட்டியிலுள்ள பழைய கடிதங்களையும், சங்கத்துக் குறிப்புப் புத்தகங்களையும், எந்த ஆபிசிலாவது எஞ்சியிருக்கும் செக்ரோல்களையும் காப்போம். வயது சென்றவர்கள் இருக்கும்போதே அவர்கள் வாய்மொழியைப் பெயரும் ஆண்டும் குறித்து எழுதி வைப்போம். என்னைப்போன்ற கிராணிமார்களுக்கு ஒரு வார்த்தை: எரிக்கச் சொன்னால், எரிக்குமுன் ஒருமுறை படித்துப் பாருங்கள்.